பண்டோராவுக்கு ஒரு விலாசம் உண்டு

2009 டிசம்பரில் ‘அவதார்’ பார்க்க அம்மாவை அழைத்துப் போனேன். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியின் திரையரங்கு. முப்பரிமாணக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடியே அம்மா படம் பார்த்தார். ஏவுகணைகள் பாய்ந்து, பண்டோரா என்ற வேற்றுலகில் நீலநிற நாவி மக்கள் குடியிருக்கும் பெருமரம் வேரோடு சாய்கிற காட்சியில் அரங்கமே அடங்கிப்போனது. அம்மா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மடியில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, “தம்பி, இது புவா பாலா கதைதானே?” என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. மூன்று மாதங்களுக்கு முன்புதான், அதே ஆண்டு செப்டம்பரில், குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள். ஆனாலும் திரையில் அந்த மரம் விழுந்தபோது எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது.

பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு காலத்தில் பிரவுன் குடும்பத்தின் தோட்டமாக இருந்த நிலம் அது. அங்கே உழைத்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு வளர்த்துப் பிழைத்தன. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்க, நடுவே தொழுவமும் பசுமையுமாக இருந்ததால், மாட்டுப் பண்ணையைக் களமாகக் கொண்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் ‘தமிழர்களின் ஹை சாப்பரல்’ என்றே அதை அழைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் அங்கிருந்துதான் வரும். பால்காரர் அளந்து ஊற்றி முடித்ததும், அம்மா கேட்காமலேயே ஒரு கொசுறு ஊற்றிவிட்டுத்தான் கேனை மூடுவார்.

நிலம் கைமாறியது. வழக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மாற்று வீடு தருகிறோம் என்றார்கள். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். பிறகு மண்வாரி இயந்திரங்கள் வந்தன.

அறிவியல் புனைகதைப் படங்களில் ‘ஒளிந்திருக்கும்’ அரசியல் என்று நண்பர்கள் அடிக்கடி காணொளிகளைப் பகிர்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்கு ஒப்பவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது? ‘அவதார்’ படத்தில் சுரங்க நிறுவனத்தின் மேலாளர், மருந்தும் கல்வியும் சாலையும் தருகிறோம் என்றாலும் இவர்களுக்குச் சேறுதானே பிடிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். தாம் தேடி வந்த கனிமம் கிலோ 2 கோடி டாலர் என்றும் அவரே சொல்கிறார். ‘ஸ்டார் வார்ஸ்’ பேரரசுக்கு வியட்நாம் போர்க்கால அமெரிக்காவே முன்மாதிரி என்று அதை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் எப்படி உடைத்துச் சொல்வது? இந்தப் படங்கள் மறைப்பது விலாசத்தை மட்டும்தான்.

விலாசத்தை அழிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. நம் நாட்டிலேயே 2006இல் ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ (கடைசிக் கம்யூனிஸ்ட்) என்ற ஆவணப்படத்தைத் தணிக்கை வாரியம் அனுமதித்த பிறகும் உள்துறை அமைச்சு தடை செய்தது. அது ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சொன்ன படம். நீலநிற மக்களுக்கு அந்தச் சிக்கல் வராது.

விலாசத்தை மீண்டும் எழுதியவர்கள் பார்வையாளர்கள். சீனாவில் கட்டாய வீட்டு இடிப்புகளோடு ‘அவதார்’ கதையைப் பலர் ஒப்பிட்டுப் பேசினார்கள். 2010 பிப்ரவரியில் பாலஸ்தீனத்தின் பில்லின் கிராமத்தில் உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு மக்கள் ஊர்வலம் போனார்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்த டோங்ரியா கோண்டு மக்களுக்காக, ‘அவதார்’ இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனின் உதவியைக் கேட்டு அமெரிக்கப் பத்திரிகையில் விளம்பரமே வந்தது. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ‘ஹங்கர் கேம்ஸ்’ படத்தில் எதிர்ப்பின் அடையாளமாக வரும் மூன்று விரல் வணக்கத்தைக் காட்டியதற்காக மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பினாங்கிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான் அது.

விலாசத்தை வெட்டி எறிந்த கதையும் உண்டு. 1954 மார்ச் 1 அன்று பிக்கினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 ஜப்பானிய மீனவர்கள் இருந்த படகின் மேல் கொட்டியது. படகின் வானொலிக் கருவியை இயக்கியவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் ‘காட்ஸில்லா’ வெளிவந்தது. கடலில் ஒளி வெடித்து ஒரு கப்பல் எரிவதில்தான் படம் தொடங்குகிறது. ஜப்பானியருக்கு அது யாருடைய படகு என்று தெரியும். 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஓர் அமெரிக்க நிருபரைப் புதிதாகச் சேர்த்தார்கள். அணுகுண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை வெட்டினார்கள். மிஞ்சியது ஒரு பெரிய பல்லி.

கேமரூன் மீது எனக்கு ஒரு தீராத குறை உண்டு. நாவி மக்களைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஒரு படைவீரன் வர வேண்டியிருக்கிறது. அவர்களே அஞ்சும் பறவையை அவன் அடக்கி வருகிறான். உடனே எல்லோரும் அவன் பின்னால் திரள்கிறார்கள். நியாம்கிரியில் அப்படி யாரும் பறந்து வரவில்லை. 2013இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. புவா பாலாவிலும் யாரும் பறந்து வரவில்லை. அங்கே அப்படிக் கேட்க ஒரு சபையும் கூடவில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர், ‘அவதார்’ படத்தை மூன்று முறை பார்த்து மூன்று முறையும் அழுதவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் புவா பாலா பேச்சு வந்தது. “இரட்டை மாடி வீடு தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? மாட்டுச் சாணத்தில் அப்படி என்ன இருக்கிறது?” என்றார். நல்ல மனிதர், பிறருக்கு ஒன்று என்றால் ஓடி வருபவர். படத்தில் அந்த மேலாளர் பேசிய அதே பேச்சைத் தானும் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அன்று நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவருக்கு அன்று சொல்லாததைத்தான் இன்று எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு படத்தைப் பார்த்து நீங்கள் கலங்கியிருந்தால், அப்போது உங்கள் நினைவுக்கு வந்த தோட்டம், லயம், கம்பம் (கிராமம்) எதுவோ அதன் பெயரை இங்கே எழுதுங்கள். எந்த ஆண்டு காலி செய்தார்கள், இப்போது அங்கே என்ன நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். புவா பாலாவின் பழைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.