அத்தையை அழைத்துவரும் முரசு

நண்பர் ஒருவர் நேற்று காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். வட சீனாவின் ஷான்ஷி மாகாணத்து முரசுக் குழு. பெரிய முரசுகள், சேகண்டிகள், தலைக்கு மேலே வீசிப் பிடித்து மோதும் பித்தளைத் தாளங்கள். ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்டாலும் நெஞ்சுக்குள் இடிக்கிறது. கீழே யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்: '4,000 ஆண்டுப் பழமையான போர் முரசு.' எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த எண்ணும் தவறு, அதைவிடப் போர் என்ற சொல் தவறு.

இந்தக் கலையின் பெயர் வெய்ஃபெங் லுவோகு. லுவோ என்றால் சேகண்டி, கு என்றால் முரசு, வெய்ஃபெங் என்றால் மிடுக்கு. ஷான்ஷியின் தெற்கே லின்ஃபென் வட்டாரம்தான் இதன் ஊர். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் அடித்த பிறகு வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2006இல் சீன அரசின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இவை கிடக்கட்டும். இந்த முரசு எப்படிப் பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையில் வாளும் இல்லை, குதிரைப் படையும் இல்லை. ஒரு முறம் இருக்கிறது.

பழங்கால மன்னர் யாவ், தனக்குப் பின் நாட்டை ஆளத் தகுந்தவனைத் தேடி அலைகிறார். லிஷான் மலையில் ஷுன் என்ற இளைஞன் உழுதுகொண்டிருக்கிறான். கலப்பையில் ஒரு கறுப்பு மாடு, ஒரு மஞ்சள் மாடு. பின்னால் முறம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். மாடு தயங்கினால் மாட்டை அடிப்பதில்லை, முறத்தை அடிக்கிறான். ஏன் என்று யாவ் கேட்கிறார். 'இரண்டும் எனக்காக வியர்வை சிந்துகின்றன, எதை அடிப்பது? முறத்தில் தட்டினால் மஞ்சளுக்கு அடி விழுந்தது என்று கறுப்பு நடக்கும், கறுப்புக்கு விழுந்தது என்று மஞ்சள் நடக்கும்' என்கிறான். யாவ் தன் மகள்கள் எஹ்வாங், நியூயிங் இருவரையும் அவனுக்கே மணமுடித்துக் கொடுக்கிறார். வீட்டுக்குள் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்ப்பதற்காகவே மகள்களைக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியனும் எழுதிவைத்திருக்கிறார். சோதித்துப் பார்க்க மகள்கள்தான் கிடைத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது, போகட்டும்.

யார் மூத்த மனைவி என்று அக்காள் தங்கைக்குள் போட்டி வந்தது என்றும், தங்கை ஏறிப்போன கோவேறு கழுதை வழியிலேயே குட்டி போட்டுத் தாமதமாக்கியது என்றும், அன்றைக்கு விழுந்த சாபத்தால்தான் கோவேறு கழுதை இனி ஈனுவதே இல்லை என்றும் ஒரு கிளைக்கதை உண்டு. நான் ரசிப்பது இந்த மாதிரிக் கதைகளைத்தான்.

முரசு எங்கே வருகிறது? ஹோங்தோங் மாவட்டத்தில் யாங்சியே என்ற ஊர் அந்தப் பெண்களின் பிறந்த வீடு. லிஷான் புகுந்த வீடு. ஆண்டுதோறும் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளையொட்டி, யாங்சியே மக்கள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு, குடையும் கொடியுமாக லிஷானுக்குப் போய், தெய்வமாகிவிட்ட அந்த இரு பெண்களையும் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். முன்னால் முரசு போகிறது. அதற்குத்தான் முரசு. நான்காம் மாதம் 28ஆம் நாள் யாவின் பிறந்தநாள். அன்று லிஷான்காரர்கள் தங்கள் முரசோடு வந்து அவர்களைத் திரும்ப அழைத்துப்போகிறார்கள். நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதம் அம்மா வீட்டு வாசம். கோதுமை அறுவடை நெருங்கும்போது புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

என்னை உட்காரவைத்த இடம் இதுதான்: யாங்சியே மக்கள் அந்தத் தெய்வங்களை 'கூகூ' என்கிறார்கள். அப்பாவின் உடன்பிறந்தாள், நம் சொல்லில் அத்தை. லிஷான் மக்களுக்கோ அவர்கள் 'நியாங்நியாங்', தாயார். ஒரே தெய்வம், நடுவே ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் தாயார். இரு ஊராரும் ஒருவரையொருவர் உறவினர் என்றே அழைக்கிறார்கள். ஊர்வலம் போகும் வழியில் உள்ள ஊர்கள் மேசை போட்டு மாவுருண்டையும் நூடுல்ஸும் தேநீரும் வைத்துக் காத்திருக்கின்றன. 2008இல் இந்த உறவுப் பயணமும் அரசுப் பட்டியலில் ஏறியது. ஏறாவிட்டாலும் அத்தை அத்தைதான்.

தெற்கே ஹூனானில் இதே பெண்களுக்கு வேறு முகம். ஷுன் தென்னாட்டில் இறந்துபோக, சியாங் ஆற்றங்கரையில் அழுது அழுது, கண்ணீர் பட்ட மூங்கிலெல்லாம் புள்ளி விழுந்தது என்பார்கள். அங்கே அவர்கள் ஆற்றோடு போன கைம்பெண்கள். ஹோங்தோங் மக்கள் அந்த முடிவை ஏற்கவே இல்லை போலிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறார்கள்.

இனி அந்த 4,000. லின்ஃபெனை அடுத்த தாவ்சியில் 1978 முதல் நடந்த அகழாய்வில் உண்மையிலேயே அந்தக் காலத்து முரசுகள் கிடைத்தன. மரத்தண்டைக் குடைந்து, வெளியே வண்ணம் தீட்டிய முரசு. தோல் மக்கிப் போய்விட்டது. உள்ளே விழுந்துகிடந்த எலும்புத் தகடுகளை வைத்து, அது முதலைத்தோல் என்று கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் தொங்கவிட்டுத் தட்டும் கல். எல்லாம் பெரிய மனிதர்களின் கல்லறையில். தாவ்சியே யாவின் தலைநகர் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனால் கல்லறை முரசுக்கும் இன்றைய குழுவுக்கும் நடுவே நேர்கோடு போட முடியாது. இன்றைய ஓசையில் பாதி, பித்தளைத் தாளத்தின் ஓசை. அந்தத் தாளமே பல நூற்றாண்டுகள் கழித்து மேற்கிலிருந்து மத்திய ஆசியா வழியாகச் சீனாவுக்குள் வந்தது.

போர்க் கதையும் இல்லாமல் இல்லை. தாங் வம்சத்து இளவரசர் லி ஷிமின் 620இல் இந்த வட்டாரத்தில் பெரிய வெற்றி பெற்றவர். இந்த முரசு அவருடைய படையிலிருந்து வந்தது என்பாரும் இருக்கிறார்கள். இருக்கட்டும். சுவரொட்டிக்குப் படைதான் எடுப்பு, நாத்தனார் வீட்டு விருந்து எடுபடாது. ஆனால் இவர்களின் மெட்டுப் பெயர்களைக் கேளுங்கள். ஒன்று 'காற்று கலக்கும் பனி'. இன்னொன்று 'லியாங்ஃபென் தின்பது'. பயறுமாவைக் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போட்டு, காரமும் புளிப்பும் ஊற்றித் தருவார்களே, அந்தத் தெருக்கடைத் தின்பண்டம்தான் லியாங்ஃபென். எந்தப் படை அந்தப் பெயரில் ஒரு மெட்டை அடித்துக்கொண்டு சண்டைக்குப் போகும்?

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன்: 'போர் முரசு இல்லை, அத்தையை அழைக்கப் போகிறார்கள்.' அவர் இன்னும் பார்க்கவில்லை.