அது கூடை இல்லைங்க, படகு

காவிரியில் பரிசல் ஓட்டுகிற ஒரு பெரியவரைக் கேலி செய்து ஒரு தம்பி போட்ட வீடியோவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "அக்கா, உங்க ஊர்ப் பக்கந்தானே, பாத்தீங்களா?" என்று. பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். கோபம் ஆறட்டும், இரண்டு நாள் கழித்து எழுதலாம் என்றிருந்தேன். ஆறவில்லை, எழுதுகிறேன். அந்தப் பரிசல் துறையின் பெயரை இங்கே போடமாட்டேன். பின்னூட்டத்தில் நீங்களும் போடாதீர்கள். அந்தப் பெரியவருக்கு வந்த தொல்லை போதும்.

நடந்தது இதுதான். ஆறு பேராக வந்தவர்களிடம் பெரியவர் நாலு பேருக்கு 800 ரூபாய் கேட்டார், ஆறு பேரையும் ஏற்றமாட்டேன் என்றார். அதற்குத்தான் இந்தக் கேலி. எனக்குத் தைத்த இடம் இரண்டு. "இந்த ஓட்டைக் கூடைக்கு 800 ரூபாயா?" என்று அந்தத் தம்பி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற இடம் ஒன்று. பெரியவர் "நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டனுங்க" என்று சொன்னதும், பின்னாலிருந்து ஒரு குரல் "ஓவரா பண்றான்யா" என்கிறதே, அது இன்னொன்று. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். "பண்றான்."

அது கூடை இல்லை, தம்பி. படகு.

மேட்டூருக்குக் கீழே காவிரியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், அது ஒரே ஆழத்தில் ஓடுகிற ஆறு இல்லை. இங்கே முழங்கால் தண்ணீர் இருக்கும், பத்தடி தள்ளி ஆள் முழுகும் மடு. நடுவில் தலை தெரிந்தும் தெரியாமலும் பாறை கிடக்கும். நீளமான, அடி கூரான படகை அங்கே விட்டால் இரண்டு பாறைக்கு நடுவில் செருகிக்கொண்டு நிற்கும். பரிசலுக்கு அரையடித் தண்ணீர் போதும். பாறையில் இடித்தால் வளைந்து கொடுத்துச் சுழன்று விலகிவிடும். கரையேறினதும் ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். மூங்கிலைப் பிளந்து நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி விரித்துப் பின்னி, விளிம்பைக் கனமாக முறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் வெளியே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்தபோது உரச்சாக்கைத் தைத்துத் தார் பூசினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட், சில இடங்களில் ஃபைபர். 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் இதே பரிசலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து இருபது பேர் ஏறுவார்களாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏறுமாம். கூடை மாதிரி உருண்டையான படகு என்றுதான் எழுதினார். கூடை என்று எழுதவில்லை.

ஓட்டுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. சாதாரணப் படகில் தண்ணீரைப் பின்னால் தள்ளினால் முன்னால் போகும். பரிசலில் துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்தால் பரிசல் அந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். நேர் எதிர்க்கரைக்குப் போவதென்றால், முதலில் பரிசலைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக மேலே நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை அன்றைய தண்ணீர் வேகத்தைப் பார்த்து அவர்தான் முடிவு செய்வார். அங்கே இறக்கிவிட்டால் ஆறே சாய்வாக இழுத்துக்கொண்டு வந்து எதிர்த்துறையில் சேர்க்கும். ஐம்பதடி கணக்குத் தப்பினால் துறையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். இந்தக் கணக்குக்குத்தான் அவர் 800 ரூபாய் கேட்டார். நாலு பேருக்கு. தலைக்கு 200.

அதே தம்பியின் பக்கத்தில் போன டிசம்பரில் போட்ட ஆலப்புழா படகுவீட்டுப் படங்கள் இருக்கின்றன. ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய், "கொடுத்த காசுக்கு மேல" என்று எழுதியிருக்கிறார். எனக்கு ஆலப்புழா மேல் ஒரு வருத்தமும் கிடையாது. நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். கெட்டுவள்ளம் என்கிற அந்தப் படகுவீடு அருமையான படகு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள், மலையாளத்தில் 'கெட்டு' என்றால் கட்டு, அதனால்தான் அந்தப் பேரே. குட்டநாட்டு நெல்லை ஏற்றிப்போன சரக்குப் படகு அது. ரோடும் லாரியும் வந்து வேலையில்லாமல் கிடந்ததை 1990-களில் அறை கட்டி, கூரை போட்டு, சுற்றுலாவுக்கு விட்டார்கள். நெல் மூட்டை சுமந்த படகுக்கு அவர்கள் மெத்தை போட்டு அழகு பார்க்கிறார்கள். நம்மையே சுமந்த படகை நாம் என்ன செய்கிறோம்?

'மினி கேரளா' என்று ஒரு பேரை வேறு வைத்துக்கொண்டிருக்கிறோம். மேட்டூருக்குக் கீழே காவிரிக் கரையிலிருக்கிற பூலாம்பட்டிக்குத்தான் சொல்கிறேன். அங்கே தண்ணீர் ஏரி மாதிரி நிற்பதற்குக் காரணம் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் காவிரியைத் தடுத்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற ஏற்பாடு. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே ஓடுகிற விசைப்படகில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறார்கள். அது சேலம், ஈரோட்டு ஜனங்கள் போய்வருகிற காவிரி. அதற்கு எதற்கு இன்னொரு ஊர்ப் பேர்? காவிரி என்ற பேர் போதாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஈரோட்டுக்குக் கீழே, காவிரிக் கரை. அம்மாவின் ஊர் எதிர்க்கரை. அப்போது இந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, அந்தப் பக்கம் சேலம் ஜில்லா. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் போவதென்றால் பரிசல்தான். சீர் தட்டு, கன்றுக்குட்டி, நெல் மூட்டை, கல்யாணப் பெண், எல்லாம் பரிசலில்தான் போகும், வரும். ஏறினதும் தார் வாசம் அடிக்கும். காலடியில் மூங்கில் ஈரமாக வழுக்கும். நடு ஆற்றுக்குப் போனதும் அந்த மெல்லிய அடித்தட்டுக்குக் கீழே ஆறு நகர்வது உள்ளங்காலில் தெரியும், ஏதோ ஒரு பெரிய மாட்டின் முதுகில் நிற்கிற மாதிரி. அதை எந்த மோட்டார் படகிலும் நான் மறுபடி உணர்ந்ததில்லை.

1977, ஐப்பசி மாதம். எனக்கு ஒன்பது வயது. ராத்திரி எட்டு மணிக்கு எதிர்க்கரையிலிருந்து ஆள் கூவுகிறார்கள், அப்புச்சி, அம்மாவின் அப்பா, போய்விட்டார் என்று. ஆற்றில் தண்ணீர் கூடி வந்துகொண்டிருந்த நேரம். அம்மா அழுதுகொண்டே துறைக்கு ஓட, பின்னாலேயே நாங்கள் ஏழெட்டுப் பேர். பரிசல்காரர் அரிக்கேன் விளக்கோடு வந்தார். தண்ணீரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விளக்கைத் தாழப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். அப்புறம் எழுந்து சொன்னார், "நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டனுங்க சாமி. மத்தவிங்களுக்கு மறுநடை வாறன்."

அந்த வீடியோவை நான் ஏன் மூன்று முறை பார்த்தேன் என்று இப்போது புரியும். அதே வார்த்தை.

எங்கள் அப்பா ஊரில் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அம்மா, நான், அம்மா இடுப்பில் தம்பி, சித்தப்பா, அவ்வளவுதான் முதல் நடை. இருட்டில் பரிசல் இரண்டு தடவை முழுச் சுற்று சுற்றியது. அவர் பேசாமல் சுற்றவிட்டார். மூன்றாவது சுற்று வருவதற்குள் துடுப்பை நீட்டி எனக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு பாறையை ஒரு உந்து உந்தினார். நேராகிவிட்டது. கீழே ஊறிய தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் இறைக்கச் சொன்னார், நான்தான் இறைத்தேன். அந்த ராத்திரி மூன்று நடை வந்தார். காசு நீட்டியதற்கு, "சாவுக்குப் போறவிங்ககிட்ட வாங்கற வழக்கம் இல்லைங்க" என்றுவிட்டார்.

விடிந்தபோது அவர் அப்புச்சி வீட்டு மாட்டுக் கட்டுத்தரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தார்கள். கொட்டாங்குச்சியில். பரிசலில் நான் தண்ணீர் இறைத்தேனே, அதே மாதிரி ஒன்றில்.

அவரை எங்கள் வீட்டில் நண்டு சிண்டெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடும். வா, போ என்றுதான் பேசும். நானும் அப்படித்தான் பேசினேன். என் தாத்தா வயது அவருக்கு. அந்தப் பேரை இங்கே எழுதலாம் என்று தொடங்கி இரண்டு முறை அழித்துவிட்டேன். பின்னால் ஒரு மரியாதை விகுதி போட்டு அந்தப் பேர் என் வாயில் வந்ததே இல்லை, இப்போது விகுதி போட்டு எழுதினால் யாரோ ஒருவர் பேர் மாதிரி இருக்கிறது.

ஆகவே அந்தத் தம்பி மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். "பண்றான்" என்ற சொல் எங்கள் திண்ணைகளிலிருந்துதான் அந்த வாய்க்குப் போயிருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். பரிசல் கவிழ்ந்து யாரும் சாகவில்லையா என்பீர்கள். செத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்கள், அது சரியான காரியம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். அவர் கொடுக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள், நானே சொல்கிறேன். ஆனால் அந்த வீடியோவில் பாதுகாப்பைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் யார்? ஆறு பேரை ஏற்றமாட்டேன் என்று நின்றவர்தானே? வருகிற காசை வேண்டாமென்று சொல்லி ஆறு உயிரைக் காப்பாற்றப் பார்த்தவருக்குக் கிடைத்த பட்டம் கொள்ளைக்காரர். பாதுகாப்பு பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

ரேட் போர்டு இல்லை, ரசீது இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கோவைப் பக்கம் பில்லூர் அணைத் தண்ணீரில், பரளிக்காட்டில் வனத்துறை பழங்குடி மக்களை வைத்துப் பரிசல் சவாரி நடத்துகிறது. முன்பதிவு செய்துகொண்டு, சொன்ன நேரத்துக்குப் போய், கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். அங்கே யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. போர்டு வைத்தால் நல்லதுதான், ஒவ்வொரு துறையிலும் வைக்கட்டும். ஆனால் போர்டு இல்லாத இடத்தில் மனிதரைப் பார்த்து மரியாதையாகப் பேசக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

"பழம்பெருமை பேசுறீங்க, அவர் மகனும் பரிசல்தான் ஓட்டணுமா?" இது உறுதியாக வரும். வேண்டாம். நான் அப்படிச் சொல்லவேயில்லை. மாயாற்றுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருக்கிற தெங்குமரஹடா என்கிற ஊருக்குப் போய்ப் பாருங்கள். பவானிசாகரிலிருந்து காட்டு வழியாக வருகிற பஸ் மாயாற்றின் இந்தக் கரையிலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண்கள், விளைச்சல், எல்லாம் பரிசலில் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஊரே துண்டாகிவிடும். அவர்கள் பாலம் கேட்கிறார்கள். பரிசல் அழகு என்று சொல்லிக்கொண்டு அதற்குக் குறுக்கே நிற்க நான் யார்? எங்கள் பக்கமே ஈரோட்டுக்குக் கீழே நட்டாற்றீஸ்வரர் கோயில் நடு ஆற்றில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பரிசலில் போனோம், இப்போது பாலத்தில் நடந்து போகிறோம். வயதானவர்கள் நிம்மதியாகச் சாமி கும்பிடுகிறார்கள். நல்லதுதான்.

பாலம் வந்ததும், கதவணை மேலேயே வண்டி போக வழி வந்ததும் துறைகளுக்கு வேலை போயிற்று. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிற நம்மை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்தால் ஓட்டக்கூடாது. வறண்டால் ஓட்ட முடியாது. வெயிலில் காய்ந்து அடித்தட்டு வெடித்தால் கவிழ்த்துப் போட்டு மறுபடி தார் பூச வேண்டும். நல்ல மூங்கில் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் நாம் ஏறி உட்கார்ந்து, நடு ஆற்றில் பாட்டிலைத் திறந்து, எழுந்து நின்று செல்ஃபி எடுத்து, இறங்கும்போது "நூறு குறைச்சுக்கோ" என்கிறோம்.

"சின்னப் பையன், தெரியாமப் பேசிட்டான், விடுங்கக்கா" என்று நேற்று ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார். விட முடியாது. சின்னப் பையனுக்கு ஆலப்புழாவில் 14,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கத் தெரிந்தது, படகுக்காரரை "சேட்டா" என்று கூப்பிடத் தெரிந்தது. அந்த வீடியோவும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இங்கே "அண்ணா" என்ற ஒரு சொல் வரவில்லை.

நேற்று சாயங்காலம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்தப் பெரியவரிடம் போனில் பேசினேன். வீடியோவை அவர் பார்க்கவேயில்லை. அவர் போனில் வீடியோ வராது. பேரன் பார்த்துவிட்டானாம். பத்தாவது படிக்கிறவன், லீவு நாளில் துறைக்கு வந்து ஜாக்கெட் மாட்டிவிடுவானாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் "ஓட்டைக் கூடை" என்று கூப்பிடுகிறார்களாம், துறைக்கே வருவதில்லையாம். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. "கூட ஒரு கை இல்லாம செரமமா இருக்குதுங்க" என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டேன். "வாங்கம்மிணி. தண்ணி இப்படியே இருந்தாப் போலாம். கூடுச்சுன்னா இல்லீங்க" என்றார்.

நானும் என் மகளும் போகிறோம். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் துறையில் இருக்க வேண்டும்.