எழுவாய் எங்கே?

(டிசம்பர் 23, ராத்திரி பத்தரை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு அடுப்படி.)

அம்மா: முத ரெண்டும் உருப்படாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.

அப்பா: ஏட்டி, பிள்ளைகள அப்படிச் சொல்லாத. மூத்தவன் அரியர் வச்சிருக்கான், ஒத்துக்கிடுதேன். சின்னவ என்ன பாவம் பண்ணுனா?

அம்மா: நான் அச்சுமுறுக்கைச் சொல்லுதேன்.

அப்பா: ஓ.

அம்மா: புது அச்சு. கழனித்தண்ணியில ஒரு நாள், எண்ணெயில ஒரு நாள் ஊறப் போட்டாலும் முத ரெண்டு அச்சோட ஒட்டிக்கிட்டுத்தான் வரும். மூணாவதுல இருந்துதான் விடும். இப்ப எதுக்குப் புது அச்சுன்னு கேளுங்க.

அப்பா: எதுக்கு?

அம்மா: பழசை உங்க அக்கா கேட்டாகன்னு போன கிறிஸ்மஸுக்குத் தூக்கிக் குடுத்திய. அது இன்னும் அங்ஙனயே பண்டிகை கொண்டாடிக்கிட்டு இருக்கு.

அப்பா: சரி, அத விடு. 31ஆம் தேதி ராத்திரி ஆராதனையில, இந்த வருஷம் கர்த்தர் செஞ்ச நன்மைகளச் சாட்சியாச் சொல்ல எனக்கு 3 நிமிஷம் குடுத்திருக்காக. எழுதியிருக்கேன், கேளு. "கடந்த 12 மாதங்களும் கண்ணின் மணியைப்போல் காக்கப்பட்டேன்."

அம்மா: நல்லாருக்கு. அந்த எள்ளு டப்பாவ எடுங்க.

அப்பா: எங்க இருக்கு?

அம்மா: 27 வருஷமா இருக்கிற எடத்துல.

அப்பா: (தேடுகிறார்) இங்ஙன கடுகுதான் இருக்கு.

அம்மா: மூடியத் தொறந்து பாத்தா எள்ளு தெரியும். மூடியப் பாத்தா பழைய ஹார்லிக்ஸ்தான் தெரியும்.

அப்பா: என்னைக் கூப்பிட்டா மாவு கலக்கித் தந்திருப்பேன்லா. ஒரு வார்த்தை சொன்னியா?

அம்மா: ஒரு வார்த்தையா? கேளுங்க. பச்சரிசி 1 கிலோ. ரெண்டு மணி நேரம் ஊறணும். தண்ணிய வடிச்சு நிழல்ல துணி விரிச்சு ஆற விட்டு, பிடிச்சா கையில ஈரம் ஒட்டுத பதத்துல மில்லுக்குத் தூக்கிட்டு ஓடணும். ரொம்பக் காஞ்சா முறுக்கு கல்லு மாதிரி வரும். அரைச்சு வந்ததும் சலிக்கணும். முட்டை 5, பொடிச்ச சீனி 350 கிராம், ரெண்டு முத்தின தேங்கா பிழிஞ்ச பாலு, உப்பு ஒரு சிட்டிகை, எள்ளு. தோசமாவுக்கு ஒரு பிடி தண்ணியாக் கலக்கணும். இதுல எந்த வார்த்தைய உங்ககிட்ட சொல்ல?

அப்பா: ... சலிக்கிறது தெரியும்.

அம்மா: அதான் தெரியுமே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சலிச்சுக்கிட்டுதான இருக்கிய.

அப்பா: "ஏப்ரல் மாதத்தில் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தேன். 14 நாட்கள் படுக்கையில் கிடந்தேன். தகுந்த மருத்துவர் அருளப்பட்டார். வேளாவேளைக்குக் கஞ்சி வைக்கப்பட்டது."

அம்மா: நில்லுங்க. என்ன பண்ணப்பட்டது?

அப்பா: கஞ்சி வைக்கப்பட்டது.

அம்மா: யாரு வச்சா?

அப்பா: அது செயப்பாட்டு வினை. அதுல அப்படித்தான் வரும்.

அம்மா: நீங்க 33 வருஷம் தமிழ் வாத்தியார். எழுவாய் எதுன்னு சொல்லுங்க.

அப்பா: இலக்கணப்படி பாத்தா, கஞ்சிதான் எழுவாய்.

அம்மா: கஞ்சியா? காலையில 4 மணிக்கு எழும்புனது கஞ்சியா நானா?

அப்பா: உன்னையும் சேக்கலாம். "என் மனைவியால்"னு மூன்றாம் வேற்றுமையில வருவ.

அம்மா: மூணாவது எடம். அதுவும் வேற்றுமையில.

அப்பா: உருபை மறைச்சா தொகையாக்கூட...

அம்மா: ஆளையே மறைச்சாச்சு, இனி உருபு ஒண்ணுதான் பாக்கி. ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணி, கொஞ்சம் சீரகம். நாளைக்கு மூணு வேளை, 14 நாளு, 42 கஞ்சி. ஒரு கஞ்சியாவது தானா அடுப்புல ஏறி உக்காந்துச்சா?

அப்பா: ஏட்டி, இது சபையில வாசிக்கிறது. குடும்பக் கணக்கை அங்ஙன விரிக்க முடியுமா?

அம்மா: அப்ப அடுத்து என்ன வருது? வாசிங்க.

அப்பா: போதகர் ஐயாவுக்கு நன்றி. சேகரக் கமிட்டிக்கு நன்றி. பாடகர் குழுவுக்கு நன்றி. நட்சத்திரம் கட்ட ஏணி தந்து உதவிய எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு...

அம்மா: ஏணி குடுத்தவுகளுக்கு நன்றி இருக்கு. ஏணியப் பிடிச்சவளுக்கு இல்ல.

அப்பா: மேல ஏறினது நான்.

அம்மா: நீங்க ஏறினிய. ஒயரை நீட்டுனது நான், டேப்பை நீட்டுனது நான், "அம்மா, சாச்சிராதடி"ன்னு நீங்க கத்துனதக் கேட்டதும் நான். போன வருஷம் காகித ஸ்டாருக்குள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, சூட்டுல தாள் பழுத்து ஓட்டை விழுந்துச்சுல்லா? இந்த வருஷம் 9 வாட்ஸ் எல்.இ.டி. வாங்கிட்டு வந்தது யாரு?

அப்பா: "வாங்கப்பட்டது"ன்னு எழுதட்டா?

அம்மா: எழுதுங்க. அப்படியே ஹோல்டருக்கு மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டியாச்சா பாருங்க. கவர் வாய் கீழ பாத்து இருக்கணும். மேல பாத்துக் கட்டுனா மழைத்தண்ணிய அதுவே பிடிச்சு வச்சுக்கிடும், பொறவு ராத்திரி ஃபியூஸ் போகும்.

அப்பா: கவர் எங்க இருக்கு?

(அம்மா பதில் சொல்லவில்லை. அச்சை எண்ணெயில் விட்டுச் சூடேற்றி, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கி எடுக்கிறாள்.)

அப்பா: அத ஏன் முழுசா முக்க மாட்டேங்க?

அம்மா: முழுசா முக்குனா மாவு மேல ஏறி அச்சைக் கவ்விக்கிடும். உயிரக் குடுத்தாலும் விடாது. அச்சு சூடு பத்தலைன்னா மாவு பிடிக்காது. சூடு மிஞ்சிட்டா மாவுக்குள்ளயே வெந்து விழுந்துரும். முக்கும்போது "சொய்"னு ஒரு சத்தம் கேக்கணும், அதான் பக்குவம். ஒவ்வொரு தடவையும் மாவக் கலக்கி விடணும். அரிசிமாவு அடியில போய் உக்காந்துக்கிட்டு மேலாப்புல தண்ணி தெளிவா நிக்கும். சில ஆளுக மாதிரி.

அப்பா: என்னையா?

அம்மா: மாவைச் சொல்லுதேன்.

அப்பா: நீ மாவைச் சொல்லும்போதும் எனக்கு உறுத்துது.

அம்மா: நல்லது. இந்த ஈர்க்குச்சியால ஓரத்த லேசா நெம்பி விடுங்க, கழண்டுரும். குத்தாதிய. குத்துனா இதழ் உடையும்.

அப்பா: (நெம்புகிறார். கழன்று எண்ணெயில் மிதக்கிறது.) பாத்தியா! விட்டுட்டு!

அம்மா: ஸ்தோத்திரம்.

அப்பா: முதல்ல சுட்ட 60 முறுக்கையும் நான் டப்பாவில அடுக்கி வச்சுட்டேன் தெரியுமா? நீ சொல்லாமலே.

அம்மா: எப்ப?

அப்பா: நீ அடுத்த ஈடு போடும்போதே. சுடச்சுட. எறும்பு வராம மூடிய இறுக்கி வச்சிருக்கேன்.

அம்மா: (டப்பாவைத் திறந்து பார்க்கிறாள்) உள்ள பூரா ஆவி நிறைஞ்சு நிக்கி.

அப்பா: ஆமென்!

அம்மா: ஆமென் சொல்லாதிய. முறுக்கு நமத்துப் போச்சு.

அப்பா: நான் வேற ஆவின்னு நினைச்சேன்.

அம்மா: அந்தப் பரிசுத்த ஆவி பெந்தெகொஸ்தே நாள்ல எறங்குனது. இது சூட்டோட மூடினா எறங்குறது. எண்ணெயில இருந்து எடுக்கும்போது முறுக்கு தொவண்டுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுன்னு ஆகும். நல்லா ஆறின பொறவு ஒரு கால் மணி நேரம் சும்மா விட்டுட்டுத்தான் டப்பாவைத் தொடணும்.

அப்பா: உதவி செஞ்சதுக்கு ஏச்சா?

அம்மா: நாளைக்கு வெயில் அடிச்சா தாம்பாளத்துல விரிச்சு ஒரு மணி நேரம் காயப் போட்டுப் பாக்கலாம். இந்த மானத்தப் பாத்தா அடிக்கிற மாதிரி தெரியல.

அப்பா: சரி, நான் எழுதுனதையாவது முடிக்கேன். கானாவூர் கல்யாணத்தைச் சொல்லி முடிக்கப் போறேன். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின அற்புதம்.

அம்மா: அதுல கல்சாடி எத்தன?

அப்பா: ஆறு.

அம்மா: ஒரு சாடிக்கு ரெண்டு மூணு குடம் பிடிக்கும்னு போட்டிருக்கு. மொத்தம் 12ல இருந்து 18 குடம். யாரு இறைச்சு ஊத்துனா?

அப்பா: வேலைக்காரர்.

அம்மா: அந்த ரசம் எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு?

அப்பா: ... தண்ணி மொண்ட வேலைக்காரருக்கு.

அம்மா: யாருக்குத் தெரியல?

அப்பா: பந்திவிசாரிப்புக்காரனுக்கு.

அம்மா: அவரு என்ன பண்ணுனாரு? ருசி பாத்துட்டு, மாப்பிள்ளையக் கூப்பிட்டு, நல்ல ரசம்னு பாராட்டுனாரு. குடம் சுமந்தவன் பக்கத்துலயே நிக்கான். அவன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. வருஷா வருஷம் 25ஆம் தேதி மத்தியானம் உங்க தங்கச்சி மாப்பிள்ளை பிரியாணியத் தின்னுட்டு உங்களப் பாத்து "மச்சான், கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு"ன்னு சொல்லுவாருல்லா. நீங்களும் தலைய ஆட்டிக்கிடுவிய.

அப்பா: கறி வாங்கினது நான்.

அம்மா: 3 கிலோ சொல்லிவிட்டேன், நெஞ்செலும்பும் தொடையும் கலந்து. நீங்க வாங்கிட்டு வந்தது 3 கிலோ. அதுல ஒரு கிலோ சவ்வு.

அப்பா: சரிம்மா. நீதான் சொல்லேன். நீ மேடையேறினா எதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவ?

அம்மா: நான் எதுக்கு மேடைக்கு? அன்னா அந்தப் பானை.

அப்பா: கைப்பிடி அரிசியா?

அம்மா: ஒவ்வொரு தடவ உலை வைக்கும்போதும் ஒரு பிடி. ஒரு பிடி 50 கிராம் வரும். நாளைக்கு ரெண்டு உலை, 100 கிராம். வருஷத்துக்கு 36 கிலோ கோயிலுக்குப் போகுது. காய்ச்சல்ல நீங்க கிடந்தப்பவும் போட்டேன். மூத்தவன் பரிச்சையில விழுந்த அன்னைக்கும் போட்டேன். அன்னைக்கு மட்டும் பிடி கொஞ்சம் சின்னது.

அப்பா: இந்த வருஷம் என்ன நினைச்சுப் போட்ட?

அம்மா: இன்னைக்கா? மில்லுல கரண்டு போகல. தேங்கா ரெண்டும் நல்ல முத்தல். தையக்காரர் சின்னவ பாவாடைய ஒரு நாள் முன்னாலயே குடுத்துட்டாரு, இது செங்கடல் பிளந்ததுக்குச் சமம். உங்க அக்கா 24ஆம் தேதி வரல, 26ஆம் தேதிதான் வாராக.

அப்பா: அதுக்குமா ஸ்தோத்திரம்?

அம்மா: அதுக்கு ரெண்டு பிடி.

அப்பா: 25ஆம் தேதி ஆராதனை எத்தன மணிக்கு?

அம்மா: காலையில 4:30. எல்லாரும் குளிக்க வெந்நி 3:30க்கு வேணும். அப்ப நான் 3 மணிக்கு எழும்பணும். நீங்க 4:10க்கு எழும்பி "பெல்ட் எங்க இருக்கு"ன்னு கேப்பிய.

அப்பா: பெல்ட் எங்க இருக்கு?

அம்மா: இன்னும் ஒன்னேகால் நாள் இருக்குல்லா, அதுக்குள்ள என்ன அவசரம்? ... அது என்ன சத்தம்? டிரம் மாதிரி கேக்கு.

அப்பா: ஆமா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கேரல் குழு இன்னைக்கு நம்ம தெருதான். கடைசி வீடு நம்ம வீடுன்னு சொன்னாக. காபி குடிச்சிட்டுப் போங்கன்னு...

அம்மா: எத்தன பேரு?

அப்பா: அதிகமில்ல. 40.

அம்மா: ஆளுக்கு 100 மில்லின்னாலும் 4 லிட்டர் காபி. வீட்டுல பால் அரை லிட்டர். கடை அடைச்சாச்சு.

அப்பா: கடுங்காபி?

அம்மா: கருப்பட்டி போட்டுக் குடுக்கலாம். சுக்கும் தட்டிப் போட்டா பாடுத தொண்டைக்கு நல்லது. பெரிய குண்டாவை எடுங்க.

அப்பா: குண்டா எங்க...

அம்மா: நானே எடுக்கேன். நீங்க அந்த நமத்த டப்பாவைக் கொண்டு போய்த் திண்ணையில வைங்க. 6 மணியில இருந்து பாடிப் பாடிப் பசியில வருதாக. மொறுமொறுப்பைச் சோதிக்க மாட்டாக.

அப்பா: யாராவது கேட்டா?

அம்மா: "முறுக்கு வைக்கப்பட்டது"ன்னு சொல்லுங்க. யாரு வச்சான்னு எவன் கேக்கப் போறான்.