அந்தக் குண்டுப் பையன் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் நடந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி போயிருக்கும். அன்றைக்குப் போட்ட 'முடிவற்ற கதை' படம் முடிந்ததும் நான் எழுந்து பேசத் தொடங்கினேன். நாலு வார்த்தை பேசுவதற்குள், "புத்தகம் வேறு, படம் வேறு, பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்காதீர்கள்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் முன்னால் சண்டை வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்ததை இங்கே சொல்கிறேன்.

ஜேர்மன் எழுத்தாளர் மிஹாயெல் எண்டே 'முடிவற்ற கதை'யை 1979இல் எழுதினார். கடையில் திருடிய ஒரு புத்தகத்தை வாசித்து, அதிலுள்ள கற்பனை உலகத்துக்குள்ளேயே போய்விடும் பஸ்தியான் என்ற சிறுவனின் கதை அது. வொல்ஃப்காங் பீட்டர்சன் 1984இல் அதைப் படமாக்கினார். எண்டேயின் புத்தகத்தில் பஸ்தியான் குண்டுப் பையன். வெளிறிய முகம், முழங்கால்கள் முட்டும் நடை, பத்துப் பதினொரு வயது. படத்தில் வருபவனோ ஒல்லியான, பார்க்க அழகான சிறுவன். நான் சொல்ல வந்தது இதைத்தான். இதை ஏன் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் கேள்வி.

"தோற்றம்தானே, அதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு அண்ணா கேட்டார். அண்ணா, அதில்தான் கதை இருக்கிறது. அந்தக் கற்பனை உலகத்துக்குள் போன பஸ்தியானுக்கு முதலில் கிடைப்பது அழகு. ஒரு இளவரசனைப் போல ஆகிவிடுகிறான். அதற்கு விலையாக, தான் குண்டாக இருந்ததையே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுகிறான். அவன் கழுத்தில் தொங்கும் பதக்கம் கேட்டதையெல்லாம் கொடுக்கும், ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவை எடுத்துக்கொள்ளும். பள்ளியில் கேலி செய்யப்பட்டதை மறக்கிறான், அப்பாவை மறக்கிறான், அம்மாவை மறக்கிறான், கடைசியில் தன் பெயரையே மறக்கிறான். நடுவில் அதிகார வெறி பிடித்துத் அந்த உலகத்து வீரனும் தன் நண்பனுமான அத்ரேயுவையே வாளால் காயப்படுத்துகிறான். முதலிலேயே அழகான பையனை நடிக்க வைத்துவிட்டால் அவன் எதை ஆசைப்படுவான், எதை இழப்பான்?

படம் இந்த இரண்டாம் பாதியை எடுக்கவேயில்லை. "அவன் இன்னும் பல ஆசைகள் பட்டான், பல சாகசங்கள் செய்தான், அது வேறு கதை" என்ற பொருளில் ஒரு குரல் சொல்ல, படம் முடிகிறது. அதற்குச் சற்று முன்னால் பஸ்தியான் டிராகன் மேல் ஏறி ஊருக்குள் வந்து, தன்னை அடித்த பையன்களைத் துரத்திக் குப்பைத்தொட்டிக்குள் விழ வைக்கிறான். நம் மண்டபத்தில் எல்லோரும் கைதட்டிய இடம் அதுதான். புத்தகத்தில் அப்படி ஒரு பழிவாங்கல் இல்லை. அங்கே பஸ்தியான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறான், அப்பா அழுகிறார். பிறகு, புத்தகத்தைத் திருடியதை ஒப்புக்கொள்ளக் கடைக்காரரிடம் தனியாகப் போகிறான். ஒன்றில் பிள்ளை வலியைத் திருப்பிக் கொடுக்கிறது, மற்றதில் தன் வலியோடு வீட்டுக்கு வருகிறது. இரண்டும் ஒரே கதை என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தபோது நான் சிறுவன். மொழி தெரியாது, நிறம் வேறு, போதாததற்கு நல்ல பருமன். உடற்பயிற்சி வகுப்பில் அணி பிரிக்கும்போது கடைசியாக நிற்பவன் நான்தான். பின்னாளில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முதன்முதலாக முழுவதும் வாசித்த ஜேர்மன் புத்தகம் இது. நம் உலகத்தில் நடப்பது சிவப்பு எழுத்தில், கற்பனை உலகத்தில் நடப்பது பச்சை எழுத்தில். அத்ரேயு ஒரு மாயக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கும் இடம் பச்சையில் வரும். அந்த வீரன் அதற்குள் பார்ப்பது, போர்வைகளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து புத்தகம் வாசிக்கும் வெளிறிய குண்டுப் பையனை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை திரும்ப வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் மெலிந்த பையன் இருந்தான். என்னைத் திருத்தி எழுதிவிட்டார்கள் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

"எல்லாப் புத்தகத்தையும் முழுவதும் படமாக்க முடியுமா?" முடியாது. நானும் அதைக் கேட்கவில்லை. எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஆனால் மிச்சமிருப்பது கதையின் அர்த்தத்தைத் தலைகீழாக்கக் கூடாது. சதுப்பு நிலத்தில் குதிரை மூழ்கும் காட்சி நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். "1990இல் வந்த இரண்டாம் படத்தில் நினைவை இழப்பது வருகிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வருகிறது. அதில் ஒரு சூனியக்காரி இயந்திரம் வைத்து நினைவுகளைப் பறிக்கிறாள். புத்தகத்தில் எந்த எதிரியும் அதைச் செய்யவில்லை. அவன் ஆசைதான் செய்கிறது.

"எழுத்தாளர்கள் எல்லோரும் இப்படித்தான் குறை சொல்வார்கள்" என்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எண்டே இந்தப் படத்தை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார். படத்தின் தொடக்கத்தில் தன் பெயரே வேண்டாம் என்றார். பணமும் புகழும் வரும் இடத்தில் ஒரு மனிதன் தன் பெயரை எடுக்கச் சொல்கிறான் என்றால், ஏன் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டீர்களா?

பஸ்தியானின் அப்பா செயற்கைப் பற்கள் செய்யும் தொழிலாளி. மனைவி இறந்தபின் மகனிடம் பேசுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டவர். புத்தகத்தின் முடிவுக்குச் சற்று முன்னால், மறந்துபோன கனவுகள் படங்களாகப் புதைந்து கிடக்கும் ஒரு சுரங்கத்தில் பஸ்தியான் தோண்டுகிறான். கிடைக்கும் படத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர், கையில் பல்வரிசையின் சாந்து அச்சோடு, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று பஸ்தியானுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர்மேல் தாங்க முடியாத ஏக்கம் வருகிறது. இரண்டு வேலைக்குப் போய்விட்டு இரவு வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொண்ட அப்பாக்களின் பிள்ளைகள் நாம். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள். நமக்கு இந்தக் காட்சி வேண்டாமா? நம் பிள்ளைகளுக்கு டிராகனும் குப்பைத்தொட்டியும் போதுமா?

நான் யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிறுமி என்னிடம், "அப்போ அவன் உண்மையில் குண்டா, அங்கிள்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன ஆகும்?" என்றாள். அதற்குள் அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்.

அந்த அம்மா இதை வாசித்தால்: புத்தகத்தில் 26 அத்தியாயங்கள். படம் நிற்பது 13ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில். நம் ஊர் நூலகத்திலேயே புத்தகம் இருக்கிறது. அந்த 13ஆம் அத்தியாயத்திலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவள் கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.