சாங்ஷன் என்றால் அனுமதி மட்டும்தானா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். இடது பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், நடுவில் சமக்குறி, எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல். 'சாங்ஷன் = அனுமதி.' இப்படிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறையே இல்லை. அந்தச் சமக்குறிதான் அவர்களைக் கவிழ்க்கிறது. சாங்ஷனையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தச் சொல் தெரியாத வீடு அபூர்வம். வங்கியில் லோன் சாங்ஷன் ஆகிறது. பஞ்சாயத்து ரோட்டுக்கு நிதி சாங்ஷன் ஆகிறது. லீவு, பி.எஃப். அட்வான்ஸ், புதுப் பணியிடம், எல்லாவற்றுக்கும் சாங்ஷன் வேண்டும். எல்லாமே மேலே இருப்பவர் 'சரி' என்று கையெழுத்துப் போடும் சங்கதிகள். இந்தப் பழக்கத்தோடு ஒரு மாணவி உலகச் செய்தியைப் படிக்கிறாள்: ஈரான் மீது அமெரிக்கா சாங்ஷன்ஸ் விதித்தது. மனப்பாடம் செய்த 'அனுமதி'யை அங்கே வைத்தால் செய்தியே தலைகீழாகிவிடும். அங்கே அது தடை, தண்டனை.

ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்த் திசைக்குப் போனது? மூலம் லத்தீன். ஒன்றைப் புனிதமாக்குவது, யாரும் மீறக்கூடாது என்று சட்டமாக நிறுத்துவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. செயின்ட் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ரோமானியர்கள் சட்டம் எழுதும்போது, மீறினால் என்ன ஆகும் என்று கடைசியில் ஒரு பகுதி சேர்ப்பார்கள். அதன் பெயர் சாங்க்டியோ. ஆக, சட்டத்துக்கு வலு சேர்ப்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்படை வேலை. அதிகாரத்தில் இருப்பவர் ஒப்புக்கொண்டால் ஒரு காரியத்துக்கு வலு வருகிறது. மீறினால் தண்டனை உண்டு என்றாலும் சட்டத்துக்கு வலு வருகிறது. முதல் வழியில் அனுமதி பிறந்தது, இரண்டாவது வழியில் தண்டனை.

நாடுகள் ஒன்றை ஒன்று பணிய வைக்கும் கருவியாக இது பெயர் பெற்றது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) இத்தாலி மீது சாங்ஷன்ஸ் விதித்தது. ஆயுதமும் கடனும் நிறுத்தப்பட்டன. ஆனால் போருக்கு முக்கியமான எண்ணெயைத் தொடவில்லை. நமக்கும் அனுபவம் உண்டு. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா இந்தியா மீது விதித்தது. 2001 செப்டம்பரில்தான் விலக்கிக்கொண்டது. நம் நாளிதழ்கள் இதைப் 'பொருளாதாரத் தடை' என்று எழுதுகின்றன. அகராதியின் முதல் பொருளைப் பிடித்துத் தொங்காமல், நடப்பது என்ன என்று பார்த்து வைத்த பெயர். எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு.

சரி, வாக்கியத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். வினையாக வந்தால், எதை என்று கேளுங்கள். திட்டத்தை, கடனை, செலவை என்று பதில் வந்தால் அனுமதி. ஒரு நாட்டை, கம்பெனியை, ஆளை என்று வந்தால் பெரும்பாலும் தண்டனை. பெயராக வந்து, பன்மையில் நின்று, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' இருந்தால் தடை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988, பிரிவு 19. அரசு ஊழியர் மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் சாங்ஷன் முன்கூட்டியே வேண்டும். லஞ்சம், குற்றம், வழக்கு என்று சுற்றிலும் இருப்பதைப் பார்த்ததும் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அது அனுமதிதான். யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் பிடிபட்டுவிடும்.

மின் இணைப்பில் சொல்லும் 'சாங்ஷன்டு லோடு' எனக்கு இன்னும் சுவாரசியம். இத்தனை கிலோவாட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வாரியம் தரும் ஒப்புதல் அது. அதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையும் அதுவே. ஒரே எண்ணில் இரண்டும் இருக்கின்றன.

இதையெல்லாம் ஒரு தமிழ்ச் சொல்லில் அடைத்துத் தருவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஓவர்சைட்டும் இப்படித்தான். நாடாளுமன்றக் குழுவின் ஓவர்சைட் என்றால் மேற்பார்வை. ஓவர்சைட் காரணமாகப் பெயர் விடுபட்டது என்றால் கவனக்குறைவு. வேலைக்கான தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் இடம் நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வழிகாட்டி நூல் போடுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியமாவது போடுங்கள். பக்கம் கூடிவிடும் என்றால் சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள்.