அப்பா எழுதிய ஆங்கிலம் தப்பில்லை

ஐ.டி. வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மெயில் எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் 'இந்தியர்கள் செய்யும் தவறுகள்' என்று ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடுகிறது. 'டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யுங்கள்) என்று எழுதாதே, 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' சொல்லாதே, 'ப்ரிபோன்' என்று ஒரு வார்த்தையே கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

'டூ த நீட்ஃபுல்' வெள்ளைக்காரர்களே எழுதிவந்ததுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் அரசு அலுவலகக் கடிதங்களில் தங்கிவிட்டது. 'ஸ்டேஷன்' என்றால் அந்தக் காலத்தில் அதிகாரியும் சிப்பாயும் பணியில் இருக்கும் ஊர். அங்கிருந்து வெளியூர் போனால் அவுட் ஆஃப் ஸ்டேஷன். 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. கூட்டத்தைத் தள்ளிவைக்க ஒரு சொல் இருக்கும்போது முன்கூட்டி வைக்கவும் ஒன்று வேண்டாமா?

சரி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களாவது ஒரே மாதிரி பேசுகிறார்களா? லண்டனில் 'பேன்ட்ஸ்' என்றால் உள்ளாடை, நியூயார்க்கில் கால்சட்டை. தென்னாப்பிரிக்காவில் டிராஃபிக் சிக்னலை 'ரோபோ' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது பற்றி பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகளுக்குள் நீண்ட வாக்குவாதமே நடந்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷாருக்கு அது உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கர்களுக்கு ஓரமாக ஒதுக்கி வைப்பது.

தலைமுறைக்குத் தலைமுறையும் மாறுகிறது. பிரிட்டனில் பழைய ஆட்களுக்கு ஒரு பில்லியன் என்பது லட்சம் கோடி. 1974இல் பிரதமர் ஹரோல்ட் வில்சன், தன் அரசு அமெரிக்கக் கணக்கையே பின்பற்றும் என்று அறிவித்தார், அது வெறும் நூறு கோடி. தாத்தாவின் பில்லியனுக்கும் பேரனின் பில்லியனுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! அதற்காக அந்தத் தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொடுப்பது அவசியம், அதை மறுக்கவில்லை. 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றால் நமக்கு 'பதில் போடுங்கள்'. மென்பொருள் எழுதுபவருக்கோ செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறு என்று அர்த்தம். ஒரு புரொகிராமர் அதைப் படித்துவிட்டு முடித்த வேலையை அழித்தால் நஷ்டம் நமக்குத்தான். அப்படிப்பட்ட இடத்தில் 'அவர்களுக்கு வேறு மாதிரி புரியும், மாற்றி எழுது' என்று சொல்லுங்கள், போதும். தப்பு என்று ஏன் சொல்லவேண்டும்?

ஏனென்றால் அந்தப் பட்டியல் வகுப்போடு நிற்பதில்லை, வீட்டுக்கும் வருகிறது. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதியவர், தெருவில் பாதிப் பேருக்குப் பென்ஷன் மனு எழுதிக்கொடுத்தவர், வாட்ஸ்அப்பில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று போட்டால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்புறம் அவர் எழுதவே கூச்சப்படுகிறார். இதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பட்டியலின் தலைப்பில் இருக்கும் 'தவறுகள்' என்ற வார்த்தையை முதலில் எடுத்துவிடுங்கள். 'இந்தியாவுக்கு வெளியே புரியாதவை' என்று போடுங்கள்.