மெனுவில் ஏழு தலைப்புக்கு மேல் கூடாதா?

"இணையதள மெனுவில் ஏழு தலைப்புக்கு மேல் வைக்கக் கூடாது, மனித மூளையால் அதற்கு மேல் கையாள முடியாது என்று அறிவியல் சொல்லிவிட்டது" என்றொரு கருத்து வெகுநாளாகச் சுற்றுகிறது. இது தவறு.

இந்த ஏழு, 1956-இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எண்களையோ சொற்களையோ ஒருமுறை கேட்டு உடனே திருப்பிச் சொல்லும்போது ஏறக்குறைய ஏழுதான் நினைவில் நிற்கிறது என்றார் அவர். மெனுவோ கண்ணெதிரே இருக்கிறது. யாரும் அதை மனப்பாடம் செய்வதில்லை. தேடி வந்த சொல் தென்படுகிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை நம்பிச் செய்கிற வேலைதான் எனக்கு வருத்தம் தருகிறது. தெளிவான பன்னிரண்டு தலைப்புகளை ஏழாகச் சுருக்க, 'சேவைகள்', 'வளங்கள்', 'மற்றவை' என்று எதையும் உணர்த்தாத பெட்டிகளுக்குள் திணிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு என்று பார்க்க வந்தவர் இதில் எதைத் திறப்பார்?

சரி, அதற்காக ஐம்பது இணைப்புகளை வரிசையாகக் கொட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. சிதறிக் கிடப்பதைப் பொருளுள்ள தொகுதிகளாக்கினால் மனம் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. நமக்கு உதவுவது அதுதான். தலைப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி, தளத்தைப் பயன்படுத்தப்போகிற சிலரிடம் கொடுத்து, சேர்ந்தவற்றை ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது குவியல் வந்தால் மெனுவிலும் ஒன்பதே இருக்கட்டும்.